ஹார்ப் வாங்குவதற்கு முன்னால் எனக்கு யாரும் சொல்லாதவை

போன மாதம் அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மதுரைப் பக்கத்துப் பெண். கணவருக்கு அங்கே மருந்து கம்பெனியில் வேலை. பத்து வருடம் வாய்ப்பாட்டு கற்றவள். "அக்கா, ஒரு ஹார்ப் வாங்கலாம்னு இருக்கேன். அப்படியே ஐரிஷ் பாட்டுல எம்.ஏ. சேரலாமான்னு பார்க்கிறேன். எந்த ஹார்ப் நல்லது?" என்றாள். ஹார்ப் என்றால் நம் யாழ் மாதிரி விரலால் மீட்டும் தந்திக் கருவி. நாற்பது நிமிடம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். 2015-இல் இதையெல்லாம் எனக்கு ஒருவர் சொல்லியிருந்தால் கிட்டத்தட்ட 15,000 யூரோ மிஞ்சியிருக்கும். வருடக் கணக்கு தனி. அதைவிடப் பெரிதாக ஒரு பெரியவரின் குரல் மிஞ்சியிருக்கும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நாங்கள் டப்ளினுக்கு வந்தது 2012-இல். அவருக்கு மென்பொருள் வேலை, எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லாத விசா. திருச்சியில் சின்ன வயதில் பாட்டும் கொஞ்சம் வீணையும் கற்றிருந்தேன். இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலத்தில் பைத்தியம் பிடிக்காமல் இருக்க எதையாவது கற்க வேண்டியிருந்தது. கடையில் சில்லறை வாங்கினால் ஒவ்வொரு ஐரிஷ் யூரோ நாணயத்திலும் ஹார்ப். பாஸ்போர்ட்டில் ஹார்ப். கின்னஸ் பீர் பாட்டிலில்கூட அதே ஹார்ப், இடம் வலம் மாறி. ஒரு நாடு இசைக்கருவியைத் தன் சின்னமாக வைத்திருப்பது எனக்குப் பிடித்துப்போனது. டிரினிட்டி கல்லூரியின் பழைய நூலகத்தில் அந்தச் சின்னத்துக்கு மாதிரியாக இருந்த பழங்கால ஹார்ப்பைக் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் போனில் சொன்னேன். "யாழா? அது கோயில் தூணிலதானே இருக்கு, இன்னுமா வாசிக்கிறாங்க?" என்றாள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். இங்கேயும் பித்தளைத் தந்தி போட்டு நகத்தால் வாசித்த பழைய ஹார்ப் மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அறுந்துபோனது. இன்று பெரும்பாலும் வாசிப்பது நைலான் அல்லது குடல் தந்தி போட்ட வேறொரு கருவி. ஆனால் எனக்கு அப்போது அது தெரியாது. சின்னத்தில் இருப்பதும் கடையில் விற்பதும் ஒன்று என்றே நினைத்தேன்.

முதல் தவறு ஹார்ப்பை வாங்கியது. வாடகைக்கு எடுக்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. '34 தந்தி, லீவர் ஹார்ப், அதிகம் வாசிக்கப்படாதது' என்று ஒரு விளம்பரம். லீவர் என்பது தந்திக்கு ஒன்றாக இருக்கும் சின்ன நெம்புகோல், தூக்கினால் அரை ஸ்வரம் ஏறும். 2,200 யூரோ. அதிகம் வாசிக்கப்படாதது என்பதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன். போய்ப் பார்த்தபோது அது ஹாலில், ரேடியேட்டரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. ஸட்ஜத்துக்குச் சிவப்புத் தந்தி, மத்தியமத்துக்குக் கறுப்புத் தந்தி என்று பார்க்கவே அழகு. தோளில் சாய்த்து ஒரு தடவை வருடினேன், பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி 'டக்' என்று சத்தம். தந்தி அறுந்தால் வரும் சத்தம் மெல்லியது. இது மரச் சத்தம். பழுது பார்க்க வந்தவர் சட்டைப் பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டை எடுத்து, முன் தூணும் மேல் வளைவும் சேரும் இடத்தில் வைத்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கார்டு உள்ளே போனது. அவர் ஒன்றும் பேசவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். பழுதுக்கு 1,400 ஆகும், ஆனாலும் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். பார்த்ததற்கு 90 யூரோ. கடைசியில் அலங்காரத்துக்கு வைக்க வேண்டும் என்று கேட்ட ஒருவருக்கு 350-க்குக் கொடுத்தேன்.

எனவே, வாங்கத்தான் வேண்டும் என்றால் தூணும் வளைவும் சேரும் அந்த இணைப்பைப் பாருங்கள். தந்திகள் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கணக்கான கிலோ இழுவையை அந்த ஒரு சட்டத்தின்மேல் போட்டுக்கொண்டே இருக்கின்றன, ராத்திரியும் பகலும். முன்பலகை கொஞ்சம் தொப்பை போட்டிருப்பது சகஜம், பயப்பட வேண்டாம். அதில் நீளவாக்கில் கோடு தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒவ்வொரு லீவரையும் தூக்கிப் போனில் உள்ள சுருதி பார்க்கும் செயலியில் அரை ஸ்வரம் சரியாக ஏறுகிறதா என்று சோதியுங்கள். 34 லீவருக்கும் செய்யுங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் செய்யுங்கள். பத்து யூரோவுக்கு ஈரப்பத மானி கிடைக்கும். ஹார்ப் நிற்கும் அறையில் அது 40-க்கும் 60-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மழை நாடுதானே, ஈரத்துக்கு என்ன குறை என்று நானும் நினைத்தேன். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறை நம்மூர் சித்திரை வெயில் மாதிரி மரத்தைக் காய வைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் வருடம் வாடகைக்கு எடுங்கள். ஹார்ப் செய்பவர்களிலும் ஹார்ப் அமைப்புகளிலும் வாடகைக்குத் தருபவர்கள் உண்டு. நான் பிறகு அப்படித்தான் எடுத்தேன். அந்த ஹார்ப்பை ஒரு தடவைகூட நான் பழுது பார்க்க வேண்டி வரவில்லை.

இரண்டாவது தவறுக்குப் பணம் அதிகம் போகவில்லை. ஆனால் இன்றும் நினைத்தால் காது சூடாகிறது.

ஐரிஷ் மொழியில் பாடும் பழைய முறைக்கு ஷான் நோஸ் என்று பேர். 'பழைய பாணி' என்றே அர்த்தம். பக்கவாத்தியம் கிடையாது. தாளக்கட்டு கிடையாது, பேச்சின் ஓட்டம்தான் பாட்டின் ஓட்டம். சின்னச் சின்ன கமகங்கள் உண்டு. கர்நாடக சங்கீதக் காது உள்ள யாருக்கும் முதல் தடவை கேட்கும்போதே விருத்தம் கேட்ட மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான், நம்ம ஆட்கள் பாட்டு மாதிரிதானே என்ற தைரியம் வந்துவிட்டது. ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டேன். அனக் கூவன் என்ற ஊரைப் பற்றிய பாட்டு. கண் தெரியாத கவிஞர் ராஃப்டரி கட்டியது. பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். அதற்கு ஹார்ப்பில் அலையலையாக ஏறி இறங்கும் பக்கவாத்தியம் வேறு அமைத்தேன். வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டு ஆகா என்றார்கள்.

2016 வசந்தத்தில் ஒரு தோழி என்னைக் கானமராவுக்கு அழைத்துப் போனாள். கால்வேக்கு மேற்கே, ஐரிஷ் மொழியையே வீட்டில் பேசும் பகுதி. அந்த மாதிரிப் பகுதிகளை கேல்டக்ட் என்பார்கள். ஒரு வீட்டுச் சமையலறை. பத்துப் பன்னிரண்டு பேர், தேநீர், பழ ரொட்டி. ஒருவர் மாற்றி ஒருவர் பாடினார்கள். என் முறை வந்தபோது கூட்டத்தில் ஒருவர் "அபர் அவ்ரான்" என்றார். 'ஒரு பாட்டுச் சொல்லு' என்று அர்த்தம். அந்த மொழியில் பாட்டைப் பாடுவதில்லை, சொல்கிறார்கள். எங்கள் பாட்டு டீச்சரும் "பாட்டுச் சொல்லிக்கறியா" என்றுதான் கேட்பார். அந்த ஒற்றுமை எனக்கு அன்று உறைக்கவில்லை. ஹார்ப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு முழுப் பாட்டையும் அலங்காரமாகப் பாடி முடித்தேன். கை தட்டினார்கள். மரியாதையான மனிதர்கள். அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, எண்பது வயது இருக்கும், என்னைப் பார்த்துச் சிரித்து, "நல்ல குரல், அ ஸ்டோர்" என்றார். என் தங்கமே என்று நம்மூர்ப் பாட்டிகள் சொல்வது மாதிரி அது. அப்புறம் ஆங்கிலத்தில் கேட்டார்: "அதில் எத்தனை பேர் மூழ்கினார்கள்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூழ்கினார்களா? யார்?

1828 செப்டம்பரில் அனக் கூவனிலிருந்து ஒரு பழைய படகு காரிப் ஏரி வழியாகக் கால்வே சந்தைக்குக் கிளம்பியது. ஆட்கள், சந்தையில் விற்க ஆடுகள். கால்வே கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஒரு ஆட்டின் கால் அடிப்பலகையைத் துளைத்துவிட்டது. ஒருவர் தன் கோட்டைச் சுருட்டி ஓட்டையில் வைத்துக் காலால் அழுத்தினார். பலகையே பிய்த்துக்கொண்டு போனது. பாட்டிலேயே கணக்கு இருக்கிறது: பதினோரு ஆண்கள், எட்டுப் பெண்கள். நான் அந்த எண்ணிக்கையைப் பாடியிருக்கிறேன். என் வாயால் அத்தனை ராகமாக, ஹார்ப்பில் அலை எழுப்பிக்கொண்டு பாடியிருக்கிறேன். அது ஒப்பாரி. இழவு வீட்டில் ஒருவர் வந்து தாலாட்டு மெட்டில் செத்தவர் பேரை இழுத்துப் பாடினால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தச் சமையலறையில் அதைத்தான் செய்தேன். பாட்டி திட்டவில்லை. நடந்ததை எனக்குச் சொன்னார், ஆடு, கோட்டு எல்லாம், தன் கண்ணால் பார்த்த மாதிரி. கிட்டத்தட்ட இருநூறு வருடத்துக்கு முந்தைய விஷயம்.

பாட்டோடு அதன் பின்கதையையும் சொல்வது அங்கே பாட்டின் பாகம். அயர்லாந்தின் வடமேற்குக் கடலில் இருக்கும் டோரி தீவின் பாட்டுகளை ஆராய்ந்தவர் லிலிஸ் ஓ லீரா. ஷான் நோஸ் பாட்டின் பெரிய பரிசான கோர்ன் ஈ ரீயடாவை இரண்டு முறை வென்ற பாடகர், பேராசிரியரும்கூட. அந்தப் பின்கதை இல்லாமல் பாட்டு முழுமையாகாது என்பதை அவரைப் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன். அந்தச் சமையலறைக்குப் போகும் முன்னால் படித்திருக்க வேண்டும்.

அதன் பிறகு மொழி கற்க உட்கார்ந்தேன். அதிலும் ஒரு சறுக்கல். விடுமுறைத் தேதிக்கு ஒத்துவந்தது என்று வடக்கே டோனகலில் ஒரு வார வகுப்புக்குப் போனேன். வகுப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் பாட்டுகள் எல்லாம் கானமராப் பாட்டுகள். நலமா என்று கேட்க டோனகலில் 'கஜே மர் அடா டூ', கானமராவில் 'கே ஹீ வில் டூ', தெற்கே மன்ஸ்டரில் 'கொனஸ் டா டூ'. நாஞ்சில் தமிழில் பேசக் கற்றுக்கொண்டு கொங்குப் பாட்டுப் பாடப் போன கதை. தங்குவதோடு சேர்த்து அந்த வாரம் 700 யூரோவுக்கு மேல். வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள ஆறு மாதம் பிடித்தது. எந்தப் பகுதிப் பாட்டு உங்களுக்குப் பிடிக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் அந்தப் பகுதிக்காரரிடம் மொழி கற்றுக்கொள்ளுங்கள்.

மொழி நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆம், இல்லை என்பதற்கு அதில் தனிச் சொல் கிடையாது. வந்தாயா என்றால் வந்தேன், வரவில்லை என்று வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். நாம் செய்வதும் பாதி நேரம் அதுதானே. கஷ்டம் சொல்லின் தலையில்தான். படகுக்கு 'பாட்'. அவனுடைய படகு என்றால் முதலெழுத்து வ-வாக மாறும், அவர்களுடைய படகு என்றால் ம-வாக மாறும், அவளுடையது என்றால் மாறாது. பாட்டில் இந்த ஒரு எழுத்தைத் தவறவிட்டால் படகே கைமாறிவிடும். காதால் கேட்டு எழுதிக்கொண்டதில் நான் எத்தனை பேர் படகை யார் யாருக்கோ எழுதிக் கொடுத்தேனோ தெரியாது.

ஹார்ப் விஷயத்துக்குத் திரும்புகிறேன். ஷான் நோஸ் பாட்டுக்கு ஹார்ப் வாசிக்கலாமா கூடாதா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மேரி ஓ'ஹாரா 1950-களிலேயே ஹார்ப்போடு ஐரிஷ் பாட்டுகளைப் பாடிப் புகழ் பெற்றவர். கிரான்யா யேட்ஸ் பாடகி, ஹார்ப் கலைஞர், ஹார்ப்பின் வரலாற்றை எழுதியவர். மறந்துபோன பித்தளைத் தந்தி ஹார்ப்பைத் திரும்ப எடுத்து வாசித்தவர்களில் ஒருவர். நம் காலத்தில் கானமரா கேல்டக்டில் வளர்ந்த ஷீலா டென்வர் ஷான் நோஸ் பாடுகிறார், ஹார்ப் வாசிக்கிறார், டப்ளினில் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவும் செய்கிறார். இவரைப் போன்றவர்களைப் பார்த்துத்தான் நானும் பாட்டு, ஹார்ப், பட்டம் மூன்றும் கைகூடும் என்று இறங்கினேன். எந்த வரிசையில் என்பதை மட்டும் கவனிக்கவில்லை. அவர்களுக்கு மொழி காதில் இருந்தது, பாட்டு அதன்மேல் வந்தது. நான் கருவியை முதலில் வாங்கிவிட்டு, பாட்டை இரண்டாவது பிடித்து, மொழிக்குக் கடைசியில் போனேன். என் அனுபவத்தில் ஒன்று சொல்லலாம்: தாளமில்லாத பாட்டுக்கு ஹார்ப் வாசித்தால் விரல் பாடகரைத் துரத்தக் கூடாது. வரி முடிந்த பிறகு ஒரு ஸ்வரம், இரண்டு ஸ்வரம். நம் வயலின்காரர் விருத்தத்துக்குப் பின்னால் வருவாரே, அப்படி. அதற்கும் பயமாக இருந்தால் ஹார்ப்பில் கரோலன் என்ற பழைய ஹார்ப் கலைஞரின் மெட்டுகளை வாசியுங்கள். 1738-இல் இறந்த அவரும் கண் தெரியாதவர்தான். இருநூறுக்கு மேல் மெட்டுகளை விட்டுப் போயிருக்கிறார், ஆயுசுக்கும் போதும்.

இனி பட்டம். இங்கேதான் பெரிய தொகை போனது.

2017-இல் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்ந்தேன். அப்போது என் குடியுரிமை விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. சீக்கிரம் வந்துவிடும், வந்தால் கட்டணம் குறைந்துவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அடுத்த வருடம் குடியுரிமை வந்தது. கட்டணம் குறையவில்லை. சேரும்போது இருந்த நிலைதான் கடைசி வரை என்றார்கள். 13,800 யூரோ கட்டினேன். ஒரு வருடம் பொறுத்திருந்தால் 7,200. வித்தியாசம் 6,600. அன்று ராத்திரி சமையலறையில் உட்கார்ந்து நான் அழுததை அவர் பார்த்துவிட்டு, "விடு, கார் மாத்த வேண்டாம்" என்றார். அந்தப் பழைய கார் இன்னும் ஓடுகிறது. உங்கள் கட்டணப் பிரிவு எது, நடுவில் மாறுமா என்பதை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள். குடியுரிமை மட்டும் போதாது, கடந்த ஐந்து வருடத்தில் மூன்று வருடமாவது ஐரோப்பிய ஒன்றியத்தில் வசித்திருக்க வேண்டும் என்ற மாதிரி நிபந்தனைகளும் உண்டு. போனில் சொன்னதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எம்.ஏ. முடியும் தறுவாயில் முனைவர் பட்டத்துக்கு ஒரு தலைப்பு பிடித்தேன், என் சொந்தத் தவறிலிருந்து முளைத்த தலைப்பு. 1792 ஜூலையில் பெல்ஃபாஸ்டில் ஹார்ப் கலைஞர்களின் விழா ஒன்று நடந்தது. பழைய மரபு அழிகிறதே என்று கூட்டியது. அயர்லாந்து முழுவதிலிருந்தும் வந்தவர்கள் பத்தே பேர், வேல்ஸிலிருந்து ஒருவர். அதில் பழைய முறைப்படி நீண்ட நகத்தால் வாசித்தவர் ஹெம்ப்சன் மட்டும்தான். அவருக்கு 97 வயது என்பார்கள். மெட்டுகளை எழுதி எடுக்க எட்வர்ட் பண்டிங் என்ற 19 வயது ஆர்கன் வாசிப்பவரை அமர்த்தினார்கள். ஒரு ஸ்வரம்கூடச் சேர்க்காதே என்று சொல்லித்தான் அமர்த்தினார்கள். பையன் எழுதினான், ஆனால் சில வருடம் கழித்து 66 மெட்டுகளோடு புத்தகம் வந்தபோது அது பியானோவுக்கு ஏற்றபடி இருந்தது. பாட்டின் ஐரிஷ் சொற்கள் இல்லை. சொற்களைத் தேடி 1802-இல் பேட்ரிக் லிஞ்ச் என்பவர் மேற்கு அயர்லாந்தின் கோனக்ட் பகுதிக்குப் போய்ப் பாட்டுகளை எழுதி வந்தார். அவர் கொண்டுவந்தவையும் 1809-இல் வந்த அடுத்த தொகுப்பில் அந்த உருவில் அச்சேறவில்லை, ஆங்கிலக் கவிதைகள்தான் ஏறின. மெட்டு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். அந்தக் கையெழுத்துகள் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. சமையலறைப் பாட்டி என்னிடம் கேட்டதும் இதைத்தானே என்று பட்டது. சரி, நான் இரண்டையும் சேர்த்துவைக்கப் போகிறேன் என்று ஐந்து மாதம் உட்கார்ந்து ஆய்வுத் திட்டம் எழுதினேன்.

அதை எடுத்துக்கொண்டு ஒரு நூலகத்துக்குப் போனேன். நூலகர் பொறுமையாகப் படித்துவிட்டு உள்ளே போய் ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பண்டிங்கின் கையெழுத்துகளுக்கு கொலெட் மலோனி தயாரித்த முழு அட்டவணை, 2000-இல் வந்தது. அதற்குப் பக்கத்தில் பழைய இதழ்க் கட்டு ஒன்று. டோனல் ஓ'சலிவன் 1927 முதல் 1939 வரை அந்தத் தொகுப்புகளின் மெட்டுக்கும் சொல்லுக்கும் ஜோடி தேடி வெளியிட்டது. நான் பிறப்பதற்கு முன்பே, என் அம்மா பிறப்பதற்கும் முன்பே, செய்து முடித்த வேலை. நூலகர் என்னைப் பார்த்துக் கஷ்டப்பட்டு, "இன்னும் செய்ய நிறைய இருக்கிறது" என்றார். திட்டம் எழுதும் முன் நூலகரைப் பாருங்கள். 1987-இல் தொடங்கிய மரபிசைக் காப்பகம் இப்போது டப்ளினில் மெரியன் சதுக்கத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் உள்ளே போய்க் கேட்கலாம், உட்கார்ந்து ஒலிப்பதிவு கேட்கலாம். நான் அங்கே முதலில் போயிருந்தால் ஐந்து மாதம் மிச்சம்.

தலைப்பை மாற்றி, உயிரோடு இருக்கும் பாடகர்களிடம் அந்தப் பாட்டுகளின் மிச்சம் என்ன இருக்கிறது என்று தேடுவதாக வைத்துக்கொண்டு 2019-இல் சேர்ந்தேன், உதவித்தொகை இல்லாமல், என் காசில். பழைய கையெழுத்தைப் படிக்கும் பயிற்சி தனியாகத் தேவைப்பட்டது. இன்றைய ஐரிஷில் எழுத்து மெலிவதைக் காட்டப் பக்கத்தில் ஒரு ஹ போடுகிறார்கள். பழைய எழுத்தில் தலைமேல் ஒரு புள்ளி. நம் ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் விட்டதால் படிப்பவர் தவித்தார்கள் என்று படித்திருக்கிறோம் அல்லவா, இங்கே புள்ளியா பேனா சிந்திய மையா என்று நான் தவித்தேன். 1958-இல் அரசு தரப்படுத்திய எழுத்திலக்கணம் மட்டும் தெரிந்தவருக்கு அதற்கு முந்தைய எழுத்துக்கூட்டல் வேறு பாஷை மாதிரி இருக்கும். இதற்கு ஒரு வருடம் ஒதுக்குங்கள்.

இப்போது அந்தக் குரல். சேர்ந்த உற்சாகத்தில், முதல் மாதமே கானமராவுக்குப் போய் மூன்று பேரை ஒலிப்பதிவு செய்தேன். ஆறு மணி நேரத்துக்கு மேல். அதில் ஒரு பெரியவர், சமையலறைப் பாட்டிக்கு உறவு. அனக் கூவன் பாட்டைத் தன் அப்பாவிடமிருந்து கற்றவர். வரிகளின் நடுவே நிறுத்தி நிறுத்தி, இது யார், அது எந்த வீடு என்று சொல்லிக்கொண்டே போனார். இரண்டு மணி நேரம். ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது, மனிதர்களைப் பதிவு செய்வதற்கு முன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அனுமதிக்கு முன் எடுத்ததை ஆய்வில் பயன்படுத்தக் கூடாது. விண்ணப்பம் போட்டேன். நாலு மாதம் ஆனது. அனுமதி வந்தது 2020 மார்ச்சில். அதே மாதம் நாடே அடைக்கப்பட்டது. காப்பகங்கள் மூடின. வயதானவர்கள் வீட்டுக்குப் போவது என்ற பேச்சே இல்லை. பெரியவர் அந்த நவம்பரில் இறந்துபோனார். கொரோனாவால் இல்லை, வயதுதான். இருபத்தைந்து பேருக்கு மேல் இறுதிச் சடங்குக்கு வர முடியாத காலம். அந்த இரண்டு மணி நேரம் என்னிடம் இருக்கிறது. ஆய்வில் ஒரு வரிகூட அதிலிருந்து வர முடியாது. குடும்பத்தாரிடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன், அது சரியானதுதான், ஆனால் என் வருத்தத்தை அது குறைக்கவில்லை.

ஆகவே நெறிமுறை விண்ணப்பத்தைச் சேர்ந்த முதல் வாரமே எழுதுங்கள். பாடுபவரிடம் அவர் மொழியில் எழுதிய ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்குங்கள், அவருக்குப் பிறகு பதிவு யாரிடம் போகும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அனுமதி வரும் வரை போய் உட்கார்ந்து பாட்டு மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். போனை வெளியே எடுக்காதீர்கள்.

மிச்சக் கதை சின்னது. ஊரடங்கில் வேறு வேலை இல்லாமல் தினம் ஐந்து மணி நேரம் ஹார்ப் வாசித்து வலது மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்டேன். இயன்முறை சிகிச்சைக்கு 480 யூரோ, மூன்று மாதம் ஓய்வு. ஆராய்ச்சி எதுவும் நடக்காத அந்த ஒரு வருடத்துக்கும் 5,800 யூரோ கட்டணம் கட்டினேன். படிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க விண்ணப்பிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேளுங்கள். 2022-இல் முனைவர் ஆய்வை எம்.லிட். என்ற ஆய்வு முதுகலைப் பட்டமாகச் சுருக்கி முடித்துவிட்டேன். வருமானம் என்று பார்த்தால், மணிக் கணக்கில் சம்பளம் வாங்கி இரண்டு இடத்தில் ஆரம்பநிலை ஹார்ப் சொல்லிக்கொடுக்கிறேன். கோடையில் கல்யாணங்களுக்கு வாசிக்கிறேன், அங்கே மணமகள் கேட்பது சினிமாப் பாட்டு. ஐரிஷ் ஹார்ப் வாசிப்பை 2019-இல் யுனெஸ்கோ மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது பெருமைதான், வீட்டு வாடகைக்கு அது உதவாது. நிரந்தர வேலை கிடைத்தவர்கள் என் வட்டத்தில் ஒருவரோ இருவரோ. அவர்களும் பெரும்பாலும் ஐரிஷ் மொழி கற்பிக்கும் துறையில் இருக்கிறார்கள். மொழியை முதலில் பிடி என்று நான் சொல்வதற்கு இந்தக் காசுக் கணக்கும் ஒரு காரணம்.

போன குளிர்காலத்தில் அதே சமையலறைக்குத் திரும்பப் போனேன். பாட்டி அதே அடுப்பு ஓரத்தில். ஹார்ப்பைக் காரிலேயே விட்டுவிட்டேன். முறை வந்தபோது வெறும் குரலில் அந்தப் பாட்டைச் சொன்னேன், மெதுவாக, பெரியவர் நிறுத்திய இடங்களில் நிறுத்தி. எண்ணிக்கை வரும் வரியில் பக்கத்திலிருந்தவர் என் கையைப் பிடித்து, கிணற்று ராட்டினம் சுற்றுவதுபோல மெல்லச் சுழற்ற ஆரம்பித்தார். பாடுபவர் தனியாக இல்லை என்று காட்ட அங்கே அப்படிச் செய்வது உண்டு. முடித்தேன். யாரும் கை தட்டவில்லை. பாட்டி கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாலாவது அடியில் அவன் மூச்சு எடுக்க மாட்டான்" என்றார். சரி என்றேன். "ஹார்ப் எங்கே?" என்று கேட்டார். காரில் இருக்கிறது என்றேன். "வெளியில் உறைபனி. மரம் வெடித்துவிடும், போய் உள்ளே கொண்டு வா" என்றார். கார் சாவியைத் தேடிக்கொண்டு எழுந்தேன்.